பதினேழாம் அட்டை

தேவசகாயம் எதையும் இரண்டு முறை எண்ணிப் பார்க்காமல் கைமாற்றுவதில்லை. செங்கல்பட்டில் காலைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் பயணிகளை எண்ணுவார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கியவர்களைக் கழிப்பார், ஏறியவர்களைக் கூட்டுவார். கடற்காற்று முகத்தில் படுவதற்குள் மறுபடியும் ஒருமுறை தலைகளை எண்ணிச் சரிபார்த்துவிடுவார். இப்படிச் செய்யும்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மாலையில் சாலையோரம் கூடையோடு உட்கார்ந்திருக்கும் வச்சலாவிடம் நெத்திலி வாங்குவார். அதையும் எண்ணித்தான் வாங்குவார்.

“இன்னா நைனா, நெத்திலிய எண்ணிகினு கீற? பொண்ணு பாக்க வந்தவன் பல்ல எண்ணுன கதையா கீது,” என்பாள் வச்சலா.

“எண்ணிட்டா மனசுக்கு நிம்மதிம்மா.”

“உனுக்கு நிம்மதி. நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள எனுக்கு மீனு கருவாடா பூடுது.”

வச்சலா நண்டுமேட்டுக் குப்பத்துக்காரி. மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கடலுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் அறுபத்திரண்டு வீடுகள் கொண்ட ஊர் அது. தோப்புக்கு மேற்கே கடலோர எண்கணிப்பு நிலையம் இருந்தது. தேவசகாயம் அங்கேதான் வேலை பார்த்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டில் அந்த நிலையத்தில் ஒரு கணிப்பொறி இருந்தது. இரண்டு அறைகளை நிறைத்துக்கொண்டு குளிர்காற்றில் வீற்றிருந்த அதனிடம் எதைச் சொல்வதானாலும் துளையிட்ட அட்டைகளின் வழியாகத்தான் சொல்ல வேண்டும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. வெளிநாட்டு அறிஞர்கள் எழுதிய கணித வழிமுறைகள் மூல அட்டைக் கட்டுகளாகக் கப்பலில் வந்து சேரும். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அந்த மூலத்தைப் பொறிக்கு மட்டுமே புரியும் வேறு அட்டைகளாக மாற்றுவதற்குத் தொகுத்தல் என்று பெயர். அப்படித் தொகுத்ததைக் கட்டி, தேவைப்படும் பிரிவுகளுக்கு அனுப்புவதற்குப் பொதிதல் என்று பெயர். தேவசகாயம் தொகுப்பு உதவியாளர், இரண்டாம் நிலை. முதல் நிலையில் யாரும் இல்லை.

நிலையத்தின் துன்பம் ஒரு சொல்லில் தொடங்கியது. கணித வழிமுறைகளை ஒன்றுசேர்த்து வைப்பதை அந்தத் துறையினர் ‘நூலகம்’ என்று சொல்வது வழக்கம். “ஒவ்வொரு நிலையமும் துணைக் கணிதங்களின் நூலகம் ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும்” என்று தலைநகரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நிலையத்தின் இயக்குநர் ராஜாராம் எதையும் அரைகுறையாகச் செய்பவர் அல்லர். அவர் உடனே ஒரு நூலகரை நியமித்தார்.

நூலகர் வசுமதி பத்தொன்பது ஆண்டுகள் ஊர் நூலகங்களில் பணியாற்றியவர். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு நூலைக்கூடத் தொலைய விட்டதில்லை. வந்த முதல் நாளே கணிப்பொறி அறையில் ‘அமைதி காக்கவும்’ என்னும் பலகையை மாட்டினார். நிமிடத்திற்கு முந்நூறு அட்டைகளைப் படித்துத் தள்ளும் அட்டை வாசிப்பான் அந்தப் பலகையை மதிக்கவில்லை. ஒரு வாரத்திற்குள் அதற்கு மூன்று எச்சரிக்கைகள் வழங்கப்பட்டன. மூன்றையும் பெற்றுக்கொண்டதாகத் தேவசகாயம் கையெழுத்திட்டார்.

நூலகம் அமைந்த பிறகு இயக்குநரின் பார்வை பொதிதலின் மேல் விழுந்தது. அதுவரை அட்டைக் கட்டுகள் ரப்பர் வளையம் மாட்டப்பட்டுக் கையோடு கைமாறிக்கொண்டிருந்தன. ஊழியர் அனைவரையும் கூட்டி இயக்குநர் பேசினார்.

“பொதி என்பது என்ன? உள்ளே இருப்பதன் மதிப்பை வெளியே தெரிவிப்பது. உள்ளே இருப்பது எனக்குப் புரியவில்லை, அமைச்சகத்திற்கும் புரியவில்லை. ஆகவே வெளியே இருப்பது சிறப்பாக இருந்தாக வேண்டும். நம் பொதியைப் பெறுகிறவன் அதைத் திறக்கவே தயங்க வேண்டும். திறக்கப்படாத பொதியில் இதுவரை யாரும் பிழை கண்டதில்லை.”

அன்று முதல் ஒவ்வொரு கட்டும் வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்பப்பட்டது. தாழ்வாரத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்த அலைப் பிரிவுக்கு ஒரு பெட்டி போய்ச் சேரப் பதினொரு நாள் ஆயிற்று. அங்கே அதைத் திறக்க ஓர் ஆசாரியை அழைக்க வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் தேவசகாயம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ‘கரைக்கோடு’ என்னும் கட்டினால் வந்தது. கடலின் உயர்ந்த அலைக்கோட்டிலிருந்து ஓர் இடம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் கணிதம் அது. அந்த இடம் நிலத்தில் இருந்தால் விடை வெறும் எண்ணாக வரும். கடலில் இருந்தால் முன்னால் கழித்தல் குறியோடு வரும். தேவசகாயம் மூலக் கட்டை நூலகத்திலிருந்து பெற்றுத் தொகுத்து, மூலத்தையும் தொகுத்ததையும் நூலகர் மேசையில் வைத்தார். வசுமதி இரண்டையும் எண்ணினார்.

“மூலத்தில் நூற்று நாற்பத்திரண்டு அட்டை இருக்கு. இதில் அறுபத்தொன்றுதானே இருக்கு?”

“இது தொகுத்ததும்மா. ஒரு மாதிரி மொழிபெயர்ப்புன்னு வச்சுக்குங்க.”

“நான் எத்தனையோ மொழிபெயர்ப்பைப் பார்த்திருக்கேன், தேவசகாயம். எல்லாம் மூலத்தைவிடப் பெரிசாத்தான் இருக்கும். எண்பத்தொரு பக்கம் எங்கே?”

“பொறி சுருக்கிடுச்சும்மா.”

“பக்கத்தைக் கிழிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

வசுமதியின் குரலில் பகை இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக நூல்களைக் காத்த ஒருவரின் துயரம்தான் இருந்தது. ஆயினும் அவர் புகார் எழுதினார். எண்பத்தொரு அட்டைகளைக் களவாடியதாகத் தேவசகாயத்தின் மேல் விசாரணை தொடங்கியது. தொகுக்கப்பட்ட அறுபத்தோரு அட்டைகளும் சான்றுப் பொருளாக அரக்கு வைத்துப் பூட்டப்பட்டன. காவலாளி முன்னிலையில் மீண்டும் ஒருமுறை தொகுக்கும்படி உத்தரவாயிற்று. மீண்டும் அறுபத்தொன்றே வந்தது. ‘காவலாளியின் கண்ணெதிரிலேயே எண்பத்தொரு அட்டைகள் மறைந்தன, குற்றம் சாட்டப்பட்டவர் கைதேர்ந்தவர்’ என்று விசாரணைக் குழு எழுதியது. இறுதியில் இயக்குநர் கருணை காட்டினார். உப்பளங்களில் ஆவியாதல் இழப்பு என்று ஒன்று உண்டல்லவா, அதுபோல இதையும் ‘தொகுப்பு இழப்பு’ என்று ஏற்றுக்கொள்ளலாம் என்றார். தேவசகாயத்தின் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனக் குறிப்பு மட்டும் எழுதப்பட்டது. அவர் இனி மூலக் கட்டுகளைத் தொடக்கூடாது; தாம் தொகுத்த கட்டின் விடைகளைத் தாமே சரிபார்க்கவும் கூடாது. ஆனால் ‘சரிபார்க்கப்பட்டது’ என்னும் இடத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவரே. அந்தப் படிவத்தை மாற்ற ஏழு கையொப்பங்கள் வேண்டியிருந்தன.

மறுதொகுப்புக்கு முந்திய நாள் வேறொன்றும் நடந்திருந்தது. அதை இருவர் மட்டுமே அறிவர். நூலகங்களில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு நூலிலும் குறிப்பிட்ட ஒரு பக்கத்தில் யாரும் எதிர்பாராத இடத்தில் அடையாளம் இட்டு வைப்பார்கள். அதற்கு இரகசியப் பக்கம் என்று பெயர். நூல் களவுபோனால் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டி, ‘இது எங்களுடையது’ என்று நிறுவிவிடலாம். களவு நடந்துவிட்ட ஒரு நூலகத்தில் இது அவசியம் என்று வசுமதி கருதினார், இயக்குநரும் இசைந்தார். அட்டையில் மை முத்திரை சரியாகப் பதியவில்லை. ஆகவே கைத்துளைப்பான் ஒன்றை எடுத்து, அளவுகோல் வைத்து, ஒவ்வொரு கட்டின் பதினேழாம் அட்டையிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு துளை இட்டார்.

ஒரு காட்டில் நரி ஒன்று கிணற்றுக்குக் காவல் இருந்ததாம். தண்ணீர் மொள்ள வைத்திருந்த குடங்கள் களவுபோகக் கூடாதென்று, தன்னுடையவை என்பதற்கு அடையாளமாகக் குடத்துக்கு ஒரு துளை இட்டு வைத்ததாம். அந்தக் குடங்கள் நரியுடையவை என்பதைக் கடைசிவரை யாரும் மறுக்கவில்லை. தண்ணீர்தான் யார் வீட்டுக்கும் போய்ச் சேரவில்லை.

அந்த ஆண்டு நண்டுமேட்டுக் குப்பத்தார்க்கு வீட்டுமனைப் பட்டா வழங்க அரசு முடிவு செய்திருந்தது. கடலிலிருந்து வீடுகளின் தொலைவைக் கணக்கிட்டுத் தருமாறு செங்கல்பட்டு வருவாய் அலுவலகம் நிலையத்தைக் கேட்டது. அளவைக் குறிப்புகள் வந்தன. இரண்டாம் முறை தொகுத்த கரைக்கோடு ஓடியது. விடைத்தாளைக் கண்ணால் காணாமலே, விதிப்படி, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று தேவசகாயம் கையெழுத்திட்டார். மூன்று நாள் கழித்து நிலையத்தின் ஆட்கள் சிவப்பு வண்ணத்தோடு குப்பத்திற்குப் போய், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அதன் எண்ணை எழுதிவிட்டு வந்தார்கள்.

அன்று மாலை வச்சலா கூடையைத் திறக்கவில்லை. தேவசகாயத்தைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“நைனா, உன்ன ஒண்ணு கேக்கறேன். நான் எங்க கீறேன்?”

“இங்கதாம்மா இருக்கே. ரோட்டுல.”

“என் வூடு?”

“குப்பத்துல.”

“இல்லியாம். கடல்ல கீதாம். அறுவத்தெட்டு மீட்டரு உள்ள. செவுத்துல எழுதிட்டுப் போயிகிறானுங்க. கோடு போட்டா கடலுன்னு அர்த்தமாம். தோ பாரு, நோட்டீசு. கடல்ல கீற வூட்டுக்கு இன்னாத்துக்குப் பட்டா? பத்தொம்பதாந் தேதிக்குள்ள பிரிச்சிகினு போன்னு எழுதிகிறான்.”

தேவசகாயம் நோட்டீசை வாங்கினார். அடியில் நகல் இணைப்பில் தம்முடைய கையெழுத்து இருந்தது.

“எங்க தலைவரு இருசப்பன் வூடு ரோட்டோரம் கடைசியா கீதா? அதான் எல்லாத்துலயும் ஆழமாம். அவுரு கேக்கறாரு, ‘என் வூட்டுக்கு நான் முங்கிப் போவணுமா’ன்னு. சிரிக்காத நைனா.”

“நான் சிரிக்கலம்மா.”

“எங்கூட்டுக்காரரு அழுவறாரு. காத்துல, மழையில ஒரு தபாகூட அந்தாளு அழுது நான் பாத்ததில்ல.”

அன்று பேருந்தில் தலைகள் ஒரு நிலையில் நிற்கவில்லை. தேவசகாயம் மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் வேறு வேறு எண் வந்தது. திருக்கழுக்குன்றம் வரை உட்காராமல் நின்றுகொண்டே போனார். தேதி ஐந்து. இன்னும் பதினான்கு நாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் குப்பத்திற்குப் போய், அலைக்கோட்டிலிருந்து வச்சலாவின் வாசல்வரை கயிறு பிடித்து அளந்தார். அறுபத்தெட்டு மீட்டர். சுவரில் எழுதியிருந்த எண்ணும் அறுபத்தெட்டுதான். அடுத்த வீடு எழுபத்தொன்று, சுவரிலும் எழுபத்தொன்று. எண்ணில் பிழை இல்லை. முன்னால் இருந்த சிறு கோட்டில்தான் பிழை இருந்தது. காலில் ஒட்டிய மணலைத் தட்டாமலே நிலையத்துக்கு வந்து, விதியையும் பாராமல் கட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அவர் இயக்குநரின் அறைக்கு விரைந்தார்.

“சார், குப்பம் தரையில இருக்கு.”

ராஜாராம் நிதானமாக நிமிர்ந்தார். “நீ பார்த்தாயா?”

“பார்த்தேன், அளந்தேன் சார்.”

“அங்கேதான் தவறு நேர்ந்தது. பார்ப்பவனுக்குப் பாரபட்சம் உண்டு. நம் கணிப்பொறி இதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அதனால்தான் கடலைப் பற்றி அது சொல்வதை நாடு நம்புகிறது.”

“சார், அதே கட்டுல நம்ம நிலையத்தோட அளவையும் போட்டுப் பார்த்தேன். கழித்தல் தொள்ளாயிரம்னு வருது. அந்தக் கணக்குப்படி நாமளும் கடலுக்குள்ளதான் இருக்கோம். குப்பத்தைவிட ஆழத்துல.”

இயக்குநரின் முகத்தில் ஒரு நிறைவு படர்ந்தது. “நம் நிலையம் ஆழமானது என்று நான் அமைச்சகத்திற்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். எண்ணோடு சொல்வது இதுவே முதல் முறை. அதைத் தட்டச்சு செய்து கொண்டுவா.”

இருந்தாலும் புகார் எழுந்துவிட்டால் ஆய்வுக்குழு அமைத்தாக வேண்டும் என்பது விதி. மூவர் குழு ஜீப்பில் குப்பத்திற்குச் சென்றது. வீடுகளுக்கு நடுவே மணலில் நின்று, செருப்பை உதறி, இளநீர் குடித்துத் திரும்பியது. எட்டாம் நாள் அறிக்கை வந்தது. ‘குழு நேரில் சென்ற நாளில், குறிப்பிட்ட இடத்தில் கடல் காணப்படவில்லை. கடல் தன் இடத்திற்கு வரத் தவறியதற்கு நிலையம் பொறுப்பாகாது. குடியிருப்போர் தற்காலிகமாக உலர்ந்த நிலையில் உள்ளனர்.’

“சார், அந்த விடையைத் திருத்திடலாமே,” என்று தேவசகாயம் மன்றாடினார்.

“திருத்துவதா? ஒரு விடை தவறு என்றால் இதுவரை அனுப்பிய விடைகளெல்லாம் என்னவாகும்? அறுபத்திரண்டு வீடுகளை நகர்த்த அவர்களுக்குப் பதினான்கு நாள் போதும். நம் வெளியீட்டில் ஒரு குறியை நகர்த்த ஏழு கையொப்பம் வேண்டும். அவற்றில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். எது எளிது என்று நீயே சொல். நீ எண்ணத் தெரிந்தவன்தானே?”

தேதி பதினாறு. குப்பத்தில் சிலர் கூரை ஓலைகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். தேவசகாயம் சவுக்குத் தோப்பில் மேலும் கீழும் நடந்தார். கப்பலில் வந்த கட்டு சரி. பொறியும் சரி. அப்படியானால் கழித்தல் குறி எங்கிருந்து முளைத்தது? மூலத்தைப் பார்த்தாக வேண்டும். மூலத்தை அவர் தொடக்கூடாது. படிக்கும் அறையில், நூலகர் முன்னிலையில், நூலகர் புரட்டக் கண்ணால் பார்க்கலாம். அதற்கு விதியில் இடமிருந்தது.

வசுமதி கட்டை எடுத்துவந்து, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிக் காட்டினார். தேவசகாயம் படிக்கவில்லை, எண்ணினார். முடிந்ததும் சொன்னார்.

“நூத்து நாப்பத்தொண்ணு.”

வசுமதி கட்டுக்கு ரப்பர் வளையத்தை மாட்டினார்.

“நூத்து நாப்பத்திரண்டு இருக்கணும்மா. பதினாறுக்கு அப்புறம் பதினெட்டு வந்துச்சு.”

“அது காட்டக்கூடாத அட்டை.”

“ஏன்?”

“ஏன்னு சொல்லக்கூடாது. சொன்னா அது இரகசியம் இல்லை.”

தேவசகாயம் இரு கைகளையும் மேசைமேல் வைத்தார். “எனக்குக் காட்ட வேண்டாம்மா. நீங்க மட்டும் பாருங்க. அந்த அட்டையில சமக்குறி இருக்கும். அதுக்கு அடுத்தது காலியான ஒரு கட்டம். அதுக்குப் பிறகு ‘ஒன்று’ன்னு ஒரு எண். கரையிலிருந்து நிலத்துப் பக்கம் போனா நேர்னு பொறிக்குச் சொல்ற எண் அது. அந்தக் காலிக் கட்டத்துல, மேலிருந்து இரண்டாவது வரியில, ஏதாவது துளை இருக்கா?”

வசுமதி எழுந்து அலமாரியைத் திறந்தார். தேவசகாயத்துக்கு அவருடைய முதுகு மட்டுமே தெரிந்தது.

“இருந்தா?” என்றார் திரும்பாமலே.

“அந்த வரியில துளை தனியா இருந்தா, பொறி அதைக் கழித்தல் குறின்னு படிக்கும்.”

அலமாரியின் கதவு மெல்லச் சாத்தப்பட்டது. வசுமதி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் பதினேழாம் அட்டை இருந்தது. அதைத் தேவசகாயத்தின் பக்கமாக மேசைமேல் வைத்தார்.

“அளவுகோல் வச்சுத்தான் போட்டேன்,” என்றார். “எல்லாக் கட்டிலும் ஒரே இடத்தில வரணும்னு.”

மற்றக் கட்டுகளில் அந்தத் துளை பொறி பொருட்படுத்தாத இடங்களில் விழுந்திருந்தது. இந்த ஒன்றில் மட்டும் ஒரு குப்பத்தின் மேல் விழுந்துவிட்டது.

வசுமதி நேராக இயக்குநரிடம் சென்று நடந்ததைச் சொன்னார். இயக்குநர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“அம்மா, அந்தத் துளை இந்த நிலையத்தின் உடைமை அடையாளம். அதைத் தவறு என்று சொன்னால் கட்டு நம்முடையது என்பதே தவறாகிவிடும். நீங்கள் எதையும் பார்க்கவில்லை. பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு இந்தச் சிக்கலும் இருக்காது. ஏனென்றால் அந்த வீடுகளும் இருக்கமாட்டா.”

“ஒரு நூல்கூட என் கையில தொலைஞ்சதில்லைன்னு நான் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தேன் சார்,” என்றார் வசுமதி. “இப்ப அறுபத்திரண்டு வீடு தொலையப் போகுது.”

“வீடுகள் உங்கள் இருப்புப் பதிவேட்டில் இல்லை அல்லவா?”

வசுமதி வெளியே வந்தார். தம் மேசையில் அமர்ந்து, நூல்களில் ஒட்டுவதற்கென்று வைத்திருந்த பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை எடுத்து எழுதினார்: ‘கரைக்கோடு, அட்டை பதினேழு. நூலகராகிய நான் இட்ட துளையால் கழித்தல் குறி நுழைந்துவிட்டது. நண்டுமேட்டுக் குப்பத்து அறுபத்திரண்டு விடைகளிலும் அதனை நீக்கிக் கூட்டல் குறியாகக் கொள்க. தொகுப்பு உதவியாளர் தேவசகாயம் எந்த அட்டையையும் எடுக்கவில்லை. அவர்மீது நான் எழுதிய புகார் என் அறியாமையால் விளைந்தது.’ கையெழுத்திட்டு, நூலக முத்திரையை அழுத்திப் பதித்தார். படி ஒன்றைத் தேவசகாயத்தின் பணிப்பதிவேட்டில் தாமே ஒட்டினார். பிறகு இருவரும் செங்கல்பட்டுப் பேருந்தைப் பிடித்தார்கள்.

வருவாய் அலுவலர் சீட்டை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். ஒரு நிலையம் தவறு செய்தது என்றால் அதை ஏற்கத் தம்மிடம் படிவம் இல்லை என்றார். ஆனால் இது தவறு அன்று, அச்சுப்பிழை. அச்சுப்பிழைக்குப் படிவம் உண்டு. நோட்டீசைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு, ஒன்றை மட்டும் வலியுறுத்தினார்.

“பத்தொன்பதாந் தேதி எங்க ஆளுங்க வர்றாங்க. பதிவேட்டுல இருக்கறதும் சுவத்துல இருக்கறதும் ஒத்துப்போகணும். இங்க கூட்டல், அங்க கழித்தல்னு இருந்தா, சுவத்தைத்தான் அவங்க நம்புவாங்க. பிரிச்சுடுவாங்க.”

சுவரைத் திருத்த நிலையம் ஆள் அனுப்பாது. இரகசியத்தை வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு வசுமதிக்கு ஒரு குறிப்பாணை மட்டும் அனுப்பியது. அவர் அதற்கு வரிசை எண் இட்டு அலமாரியில் வைத்தார்.

பதினெட்டாம் தேதி காலை, ஒரு கையில் சிவப்பு வண்ண டப்பாவும் மறு கையில் தூரிகையுமாக வசுமதி நண்டுமேட்டுக் குப்பத்தில் வந்து இறங்கினார். உடன் தேவசகாயமும் வந்தார். பாதிக் கூரை இறக்கிய வீடுகளுக்கு நடுவில் மூட்டை முடிச்சுகளோடு நின்றவர்கள், வண்ண டப்பாவைக் கண்டதும் சூழ்ந்துகொண்டார்கள்.

“மறுபடியும் எழுத வந்துட்டாங்களா? இந்த தபா எங்க கீறோமாம், வானத்துலயா?” என்று இருசப்பன் சீறினார்.

“அண்ணே, பொறுங்க. கையெழுத்துப் போட்டவன் நான்தான். கண்ணால பாக்காமலே போட்டுட்டேன்,” என்றார் தேவசகாயம்.

வசுமதி டப்பாவை மணலில் வைத்துவிட்டு, பதினேழாம் அட்டையைப் பையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி வெளிச்சத்தில் பிடித்தார். எந்தத் துளை எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் விரலால் காட்டினார்.

“இந்த ஓட்டையைப் போட்டது நான். இதனாலதான் உங்க வீடெல்லாம் கடல்ல இருக்குன்னு வந்துச்சு. உங்க யாரையும் கேட்காம, உங்க ஊரையே வந்து பார்க்காம செஞ்சுட்டேன். என்னை மன்னிச்சுடுங்க.”

வச்சலா அட்டையை வாங்கி, அந்தத் துளை வழியாக ஒரு கண்ணால் கடலைப் பார்த்தாள்.

“இத்தினியூண்டு ஓட்டையிலயா எங்க குப்பமே முயுவிப் போச்சு?” என்றாள். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்காளு படகுல இத்தவிட பெரிய ஓட்டையோட கரை சேந்துகிறாரும்மா. சரி, இப்ப இன்னா பண்ணப் போற?”

வசுமதி அவள் வீட்டுச் சுவரின் முன் குந்தி உட்கார்ந்தார். கழித்தல் குறிக்கு நடுவில், மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். கை பழகாததால் வண்ணம் முழங்கைவரை வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். பன்னிரண்டு வீடுகள் முடிவதற்குள் அவருடைய வெள்ளைச் சேலையின் முன்பக்கம் சிவந்துவிட்டது. தேவசகாயம் தூரிகையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

“வேண்டாம்,” என்றார் வசுமதி. “அறுபத்திரண்டும் நானே போடணும்.”

தெரு நெடுகப் பார்த்துக்கொண்டு வந்த வச்சலா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இன்னா நைனா இது? எல்லா வூட்லயும் சிலுவ மேரி கீது. எங்க குப்பத்தையே உங்க வேதத்துல சேத்துட்டியா?”

கூட்டத்தில் முதன்முறையாகச் சிரிப்பு எழுந்தது. இருசப்பன்கூடச் சிரித்தார். வசுமதி சிரிக்கவில்லை. குந்தியிருந்தபடியே நிமிர்ந்து பார்த்து, கவலையோடு விளக்கினார்.

“சிலுவை இல்லம்மா. கூட்டல் குறி.”

“அப்பிடின்னா?”

“நீங்க கரையில இருக்கீங்கன்னு அர்த்தம்.”

வச்சலா சற்று நேரம் தன் வீட்டுச் சுவரையும் அதற்கு அப்பால் இரைந்துகொண்டிருந்த கடலையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்பு வந்து, வண்ண டப்பாவைத் தன் கையில் தூக்கிக்கொண்டு வசுமதியின் பக்கத்தில் குனிந்தாள்.

“அப்போ இன்னும் பெருசா போடும்மா,” என்றாள். “கடலுக்குத் தெரியற மேரி.”